ஆடிக் காற்றிலிருந்து கடலுக்கு: விங் ஃபாயிலிங் தொடங்கும் கொங்கு நாட்டவர் எதை முதலில் வாங்க வேண்டும்?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் நுழையும் தென்மேற்குக் காற்று, பல்லடம், கேத்தனூர், பூளவாடி, உடுமலை, தாராபுரம் பக்கத்து மேட்டுக்காடுகளின் மேல் ஆவணி கடந்தும் வீசிக்கொண்டிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த இடைவெளிதான் நம் ஊர்க் காற்றாலைகளுக்கு மூலதனம். இந்தக் காற்றோடு வளர்ந்த ஒருவர், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நீரின் மேல் ஓடும் விளையாட்டு ஒன்று உண்டு என்று அறிந்ததும் ஆசைப்படுவது இயல்பே. எனக்கும் அப்படித்தான் ஆசை வந்தது. ஆனால் காற்று இங்கே இருக்கிறது, இறங்கத் தகுந்த நீர் நானூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இராமேசுவரத்தில் இருக்கிறது. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலில் இறங்க முடிகிற ஒருவர் எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்ற கேள்விக்கு, கடற்கரையிலேயே குடியிருப்பவருக்குப் பொருந்தும் விடை பொருந்தாது. அந்த வேறுபாட்டை அறியாமல் நான் முதல் ஆண்டை வீணாக்கினேன். ஆகவே, நம் பக்கத்தில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, முன்னால் இருக்கும் தேர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் கருவி. விங் ஃபாயிலிங்கில் மூன்று பொருள்கள் உண்டு. கையில் பிடிப்பது விங்: காற்றடைத்த முன்குழாயும் நடுக்குழாயும் கொண்டு, அவற்றுக்கிடையே துணி விரிந்த ஒரு சிறகு. காலடியில் இருப்பது பலகை. பலகையின் அடியில் திருகிப் பொருத்துவது ஃபாயில்: செங்குத்தாக நீருக்குள் இறங்கும் மாஸ்ட், அதன் நுனியில் கிடையாக ஒரு தண்டு, தண்டின் முன்முனையில் பெரிய சிறகு, பின்முனையில் சிறிய சிறகு. விங் காற்றை வாங்கிப் பலகையை இழுக்கிறது. வேகம் கூடும்போது நீருக்குள் இருக்கும் முன்சிறகு, விமானத்தின் இறக்கையைப் போலவே மேல்நோக்கித் தூக்குகிறது. பலகை நீரை விட்டு எழுந்ததும் உராய்வு பெருமளவு குறைந்துவிடுவதால், அதன் பிறகு மிகக் குறைந்த காற்றிலும் ஓட முடிகிறது. காற்றைவிட நீர் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி கொண்டது. அதனால்தான் முறத்தின் பரப்புக்கு இருக்கும் ஒரு சிறகு ஒரு முழு மனிதரைத் தூக்கிவிடுகிறது. குழப்பம் வராமலிருக்க, கையில் இருப்பதை விங் என்றும், நீருக்குள் இருப்பவற்றை முன்சிறகு, பின்சிறகு என்றும் இக்கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன்.

காற்றின் வேகத்தை இத்துறையில் நாட் என்ற அளவில் சொல்வார்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். தொடங்குபவருக்கு ஏற்ற 15 நாட் என்பது மணிக்கு 28 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊரில் தென்னை ஓலை ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் காற்று அது.

கைட், விண்ட்சர்ஃப், விங்: மூன்றில் எது?

காற்றைக் கொண்டு பலகையில் ஓடும் விளையாட்டுகளில், பலகையின் மேலேயே கம்பமும் பாயும் பொருத்தி ஓட்டும் விண்ட்சர்ஃபிங் மூத்தது. அது 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. பெரிய பட்டம் ஒன்று பலகையை இழுக்கும் கைட் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. அந்த ஆண்டு இரண்டு பிரிவுகளுமே ஃபாயில் பொருத்திய பலகைகளில்தான் நடந்தன. விங் இவற்றுக்கெல்லாம் இளையது. டியோடோன், நைஷ் போன்ற நிறுவனங்கள் காற்றடைத்த விங்கை 2019 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே அது பரவியது.

நம் மாநிலத்தில் ஆசிரியர் கிடைப்பது எளிது என்ற ஒரு காரணத்தை மட்டும் பார்த்தால், கைட் முன்னால் நிற்கிறது. இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் கைட் பயிற்சிப் பள்ளிகள் உள்ளன. குறைந்த காற்றிலும் அது நன்றாக இழுக்கும், கருவியும் ஒரு பைக்குள் அடங்கிவிடும். எனினும் 20 முதல் 24 மீட்டர் நீளக் கயிறுகளின் மறுமுனையில் வானத்தில் நிற்கும் பட்டம் அது. ஏற்றவும் இறக்கவும் திறந்த கரை வேண்டும், பெரும்பாலும் உதவிக்கு இன்னொருவரும் வேண்டும். கயிறு சிக்கினாலோ திடீரென்று காற்று ஓங்கினாலோ, பட்டம் ஆளைத் தூக்கி எறியும் வலிமை உடையது. நம் ஊரிலோ வரப்புக்கு வரப்பு மோட்டாருக்குப் போகும் மின்கம்பியும், காற்றாலையிலிருந்து துணை மின்நிலையத்துக்குப் போகும் உயரழுத்தக் கம்பியும் இருப்பதால், கைட்டை வீட்டுப் பக்கம் எடுத்துப் பழகுவது உயிரோடு விளையாடுவதாகும். கைட் கற்பவர் கடலுக்குப் போகும் நாள்களில் மட்டுமே கற்க முடியும் என்பதே எனக்கு அதன் பெரிய குறையாகப் பட்டது.

விண்ட்சர்ஃபிங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஃபாயில் இல்லாமல், அகன்ற பலகையில் பொறுமையாகக் கற்கலாம் என்பது அதன் நன்மை. கம்பம், பூம் என்னும் கைப்பிடிச் சட்டம், பாய், பலகை என்று காரின் கூரை நிறையச் சாமான் ஏற்ற வேண்டும் என்பதும், நீரில் விழுந்த பாயைத் தூக்கியெடுப்பதே தொடக்கத்தில் முதுகை ஒடிக்கும் வேலை என்பதும் குறை. கடலோரத்தில் சாமான் வைக்க அறை உள்ளவருக்கு அது இன்றும் நல்ல தேர்வு.

விங்குக்கும் பலகைக்கும் நேரடி இணைப்பு எதுவும் இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டால், மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிய கயிற்றின் முனையில் அது துணிபோல் படபடத்துக் கிடக்கும், இழுக்காது. 5 சதுர மீட்டர் விங் ஒன்றின் எடை மூன்று கிலோவை ஒட்டித்தான் இருக்கும். காற்றை இறக்கினால் முதுகுப் பைக்குள் போய்விடும். இவை எல்லாவற்றையும்விட, விங்கைக் கையாளும் பாதிக் கலையைத் தரையிலேயே பழகலாம் என்பதே ஆண்டில் நான்கு மாதம் காற்றுக்குள் வாழ்ந்துகொண்டு கடலை எப்போதாவது மட்டும் பார்க்கும் நமக்கு மிகப் பெரிய நன்மை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் விங்கைத் தேர்ந்தெடுத்தேன். கைட்டோடு ஒப்பிட்டால், நீரில் முதல் முறை எழுவதற்குக் கூடுதல் நாள் ஆகக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃபாயிலின் மேல் நிற்பது ஒற்றைச் சக்கர வண்டியில் நிற்பதைப் போன்றது. முன்காலில் சிறிது எடை குறைந்தாலும் பலகை வானத்தைப் பார்க்கும், கூடினால் மூக்கு நீரில் குத்தும்.

அணையா, கடலா?

இதைக் கேட்ட ஒவ்வொருவரும் என்னிடம் முதலில் சொன்னது, “ஏனுங்க, நம்ம அணையிலயே பண்ணலாமுங்களே, எதுக்குங்க அத்தனை தூரம்?” என்பதுதான். ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி, பவானிசாகர் என்று மலையடிவாரம் நெடுக நீர் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. கேட்பதில் தவறில்லை. ஆனால் அவை குடிநீருக்கும் பாசனத்துக்கும் கட்டிய நீர்த்தேக்கங்கள். நீர்வளத் துறையின் அனுமதியின்றி நீரில் இறங்கக் கூடாது, குளிப்பதற்கே தடைப் பலகைகள் நிற்கின்றன. அமராவதியில் முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன, அணைக்கு அருகிலேயே முதலைப் பண்ணையும் உண்டு. அனுமதி கிடைத்தாலும் வேறொரு தடை இருக்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும் தேக்கத்தில், மூழ்கிய மரக்கட்டையும் பாறையும் எந்த ஆழத்தில் இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் கத்திபோல் தொங்கும் ஃபாயில் அவற்றில் மோதினால், ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்பட்டுத் தம் கருவியின் மேலேயே விழுவார். மலையை உரசி வரும் காற்று சுழன்றும் அறுந்தும் வருவதால் தொடங்குபவருக்கு அது ஆகவும் ஆகாது. ஊர்க் குளங்கள் மண்மேடிட்டும் ஆகாயத்தாமரை மூடியும் கிடக்கின்றன. நொய்யல் நீர் சேரும் இடங்களைப் பற்றித் திருப்பூரில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கடல்தான். கடலிலும் பருவத்தைப் பார்க்க வேண்டும். நமக்குச் சாதகமான அதே தென்மேற்குக் காற்று, கிழக்குக் கரையின் பெரும்பகுதியில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அந்தக் காற்றில் கரையிலிருந்து கிளம்பித் திரும்ப முடியாமல் போனவர் ஆழ்கடலுக்குள்ளேயே தள்ளப்படுவார். இராமேசுவரம் தீவாக இருப்பதால், ஒரு பக்கம் நிலக்காற்றாக இருக்கும் போது மறுபக்கம் கரையை நோக்கியோ கரைக்கு இணையாகவோ காற்று கிடைக்கிறது. ஆனி, ஆடியில் தெற்குப் பக்கமும், மார்கழி, தையில் வடகிழக்குக் காற்றுக்கு வடக்குப் பக்கமும் பொருந்தும். பாக் நீரிணை அலை குறைந்து தட்டையாக இருப்பது நன்மை. ஆனால் பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம், அடியில் கடற்புல். கைட் ஓட்டுபவருக்கு இடுப்பளவு நீர் வரம், ஃபாயிலுக்கோ அது ஆபத்து. 75 செ.மீ. மாஸ்டைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த ஒன்றரை மீட்டர் ஆழமாவது வேண்டும் என்பதால், பள்ளியில் சேரும்முன் அவர்கள் பயிற்றுவிக்கும் இடத்தின் ஆழத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை, அனுமதியின்றி அங்கே போகக் கூடாது. இலங்கையோடான கடல் எல்லையும் தொலைவில் இல்லை. கரை கண்ணில் தெளிவாகத் தெரியும் தொலைவுக்குள் நிற்பதே முறை.

முன்சிறகு: பணத்தை எங்கே வைப்பது

கருவிகளில் தொடங்குபவரின் வெற்றியை எது தீர்மானிக்கிறது என்று கேட்டால், தயக்கமின்றி முன்சிறகின் பரப்பு என்பேன். முதல் ஆண்டு எனக்கு இது தெரியவில்லை. விலை மலிவாக வந்தது என்று, பழகியவர் ஒருவரிடமிருந்து 900 சதுர சென்டிமீட்டர் முன்சிறகு கொண்ட ஃபாயிலை வாங்கினேன். நான்கு நாள் விடுப்பு எடுத்துப் போனவன், மூன்று நாள் பலகையின் மேல் மண்டியிட்டே திரும்பினேன். நான்காம் நாள் உடனிருந்த ஒருவர் தம்முடைய 1,800 சதுர சென்டிமீட்டர் முன்சிறகைக் கொடுத்தார். அதே காற்று, அதே விங், அதே நான். முக்கால் மணி நேரத்துக்குள் பலகை எழுந்தது.

காரணம் எளிய கணக்கு. தூக்கும் விசை, சிறகின் பரப்புக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. ஆளும் கருவியுமாக 90 கிலோ என்று வைத்துக்கொண்டு, சிறகின் தூக்குத் திறனைக் குறிக்கும் எண்ணான தூக்குக் கெழு 0.8 என்று எடுத்தால், 1,800 சதுர சென்டிமீட்டர் சிறகு மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் தூக்கத் தொடங்கும். 900 சதுர சென்டிமீட்டர் சிறகுக்கு அது 17 கிலோமீட்டரைத் தாண்டும். மிதந்தபடி தள்ளாடும் பலகையில் நின்று, விங்கை இன்னும் சரியாகப் பிடிக்கத் தெரியாத ஒருவருக்கு, 12-க்கும் 17-க்கும் இடையிலான அந்த ஐந்து கிலோமீட்டர்தான் கற்பதற்கும் கற்காமல் திரும்புவதற்கும் இடையிலான வேறுபாடு. பெரிய சிறகு மெதுவாகப் பறக்கும், மெதுவாகவே தவறும். விழப்போகிறோம் என்று உணர்ந்து காலை மாற்ற அது நேரம் தருகிறது.

பெரிய சிறகுக்கும் குறை உண்டு. வேகம் ஓர் அளவுக்கு மேல் போகாது, காற்று ஓங்கினால் கட்டுக்கடங்காமல் மேலே ஏறப் பார்க்கும். நன்றாகக் கற்ற பிறகு அது மந்தமாகத் தோன்றும். வாரந்தோறும் கடலில் இறங்குபவர் சில மாதங்களில் அதைத் தாண்டிவிடுவதால், அவருக்கு நடுத்தரப் பரப்பை வாங்கச் சொல்வது நியாயம். ஆண்டுக்குப் பத்து நாள் போகிறவர் அந்தக் கட்டத்தை எட்ட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். 70 முதல் 80 கிலோ எடையுள்ள நம்மவர் 1,700 முதல் 2,000 சதுர சென்டிமீட்டருக்குள், நீளம் குறைந்து அகலம் கூடிய தடித்த முன்சிறகை எடுப்பதே சரி. ஒல்லியாக நீண்ட சிறகுகள் அழகாக வழுக்கிச் செல்லும் என்றாலும் நின்றுபோகும் தருணத்தில் சட்டென்று கைவிடும். அவை பிறகு வரட்டும். பின்சிறகைப் பற்றித் தொடக்கத்தில் கவலைப்பட வேண்டாம், உடன் வருவதே போதும்.

மாஸ்ட்: அலுமினியமா, கார்பனா?

பட்டறைத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த ஒப்பீடு மிகவும் பிடித்தது. கார்பன் இழையால் ஆன மாஸ்ட் எடை குறைவு, முறுக்கத்துக்கு அதிகம் வளைந்துகொடுக்காது. காலால் கொடுத்த சைகை உடனே சிறகுக்குப் போய்ச் சேரும். விலையோ அலுமினியத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு. அச்சில் பிதுக்கி எடுத்து அனோடைஸ் செய்த அலுமினிய மாஸ்ட் சிறிது முறுகும், சிறிது கனக்கும். மணிக்கு 15 கிலோமீட்டரில் பறக்கத் திணறிக்கொண்டிருக்கும் ஒருவரால் இந்த வேறுபாட்டை உணர முடியாது. தரையில் தட்டினால் அலுமினியத்தில் கீறல் விழும். கார்பனில் உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். எனவே முதல் மாஸ்ட் அலுமினியமாகவே இருக்கட்டும்.

அலுமினியத்துக்கு ஒரு பகை உண்டு, அதை நான் என் கவனக்குறைவால் அறிந்தேன். முதல் பயணம் முடிந்து வந்த அன்று, ஃபாயிலைக் கழற்றாமல், உப்பு நீரோடு அப்படியே மூலையில் சாய்த்து வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கழற்றப் போனால், ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, மரை முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தது. துருவேறா எஃகும் அலுமினியமும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், இரண்டும் ஒரு மின்கலம்போல் ஆகி அலுமினியம் கரையும். நீர்மூழ்கி மோட்டார் பழுது பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எனக்கும் தெரிந்திருந்தது, இருந்தும் செய்யவில்லை. கடைசியில் போல்ட்டைத் துளைத்துத்தான் எடுத்தேன். கரையேறியதும் நன்னீரில் கழுவ வேண்டும், அன்றே கழற்ற வேண்டும், பூட்டும்போது மரைகளில் அரிப்பைத் தடுக்கும் பசை தடவ வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

நீளத்தில் 60 முதல் 75 செ.மீ. வரையிலான மாஸ்டே தொடங்குபவருக்கு ஏற்றது. விழும் உயரம் குறையும், ஆழம் குறைந்த நம் கடலுக்கும் பொருந்தும். பழையதை வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகையோடு மாஸ்டைப் பூட்டும் தட்டு, 90 மி.மீ. இடைவெளி கொண்ட இரு தடங்களில் பொருந்துமாறு பெரும்பாலான நிறுவனங்களில் ஒரே அளவாக இருக்கிறது. ஆனால் மாஸ்டுக்குக் கீழே உள்ள தண்டும் சிறகுகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒரு நிறுவனத்தின் முன்சிறகு மற்றொன்றின் தண்டில் ஏறாது என்பதால், இன்று சிறிய சிறகை மலிவாக வாங்கி நாளை பெரியதை மாட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு எப்போதும் பலிக்காது. என்னுடைய 900 அப்படித்தான் விலைபோகாமல் பரணில் கிடக்கிறது.

பலகை

பலகையின் அளவை லிட்டரில் சொல்வார்கள். 100 லிட்டர் பலகை ஏறத்தாழ 100 கிலோவைத் தாங்கும் என்று பொருள். கடல்நீரில் இரண்டரைக் கிலோ கூடுதலாகத் தாங்கும். தொடங்குபவர் தம் எடையோடு 30 முதல் 40 லிட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். 75 கிலோ என்றால் 105 முதல் 115 லிட்டர். அதற்குக் குறைந்தால், எழுந்து நிற்பதிலேயே பொழுது போய்விடும்.

இங்கே உள்ள தேர்வு, காற்றடைக்கும் பலகையா கெட்டிப் பலகையா என்பது. நுரையின் மேல் கண்ணாடியிழையோ கார்பனோ போர்த்திய கெட்டிப் பலகை, ஃபாயிலோடு ஒரே உடலாக இயங்கும். காற்றடைக்கும் பலகையை 15 பிஎஸ்ஐ வரை அடித்தாலும், காலுக்கும் ஃபாயிலுக்கும் இடையே ஒரு மெத்தை இருப்பதுபோல் சிறிது தாமதம் தெரியும். கடற்கரையில் இருப்பவருக்குக் கெட்டிப் பலகையே மேல் என்பதில் ஐயமில்லை. நமக்கோ, திண்டுக்கல், மதுரை, பரமக்குடி என்று வெயிலில் எட்டு மணி நேரம் போக வேண்டும். மூடிய காரின் வெப்பத்தில் கெட்டிப் பலகையின் மேலுறை நுரையிலிருந்து உப்பிப் பிரியும் வாய்ப்பு உண்டு. கூரையில் கட்டினால் வெளிர்நிற உறை அவசியம். பேருந்திலும் இரயிலிலும் அதை எடுத்துச் செல்ல முடியாது. சொந்தக் காரும் கூரைத் தாங்கியும் இருப்பவர் கெட்டிப் பலகையையும், பொதுப் போக்குவரத்தில் போகிறவர் காற்றடைக்கும் பலகையையும் எடுப்பது பொருந்தும். ஆனால் முதல் ஆண்டில் இரண்டில் எதையுமே வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. விரைவில் காலாவதியாவது பலகைதான். 110 லிட்டரில் கற்றவர் இரண்டாம் கட்டத்தில் 80-க்கு வந்துவிடுவார். தாம் இருக்கும் எடைக்கு உரிய பலகையைப் பள்ளியில் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

விங்

விங்கை மட்டும் முதல் ஆண்டே சொந்தமாக வாங்கலாம். 70 முதல் 80 கிலோ எடைக்கு, 14 முதல் 20 நாட் காற்றில் 5 சதுர மீட்டர் பொருந்தும். அதற்கு மேல் ஓங்கும் காற்றுக்கு 4, குறைந்த காற்றுக்கு 6. ஒன்றே வாங்க முடியுமென்றால் 5-ஐ எடுங்கள். 60 கிலோவுக்குக் குறைந்தவர்கள் 4-ஐ எடுக்கலாம்.

திருப்பூர்க்காரர்கள் விங்கைக் கையில் எடுத்தால் முதலில் துணியைத்தான் பார்ப்பார்கள். முன்குழாய் டாக்ரான் என்னும் நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர். விரிந்திருக்கும் பகுதி, கிழிசல் பரவாமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தடித்த இழை சேர்த்து நெய்த ரிப்ஸ்டாப். பின்னல் துணியில் நாம் விரும்பும் இழுவை இங்கே குற்றம். துணி இழுபட்டால் சிறகின் வளைவு மாறி, காற்று ஓங்கும்போது பிடி தளரும். பழைய விங்கை வாங்குபவர் பின்விளிம்பைக் கையால் இழுத்துப் பார்த்து, படபடத்துத் தளர்ந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வெயில் பாலியெஸ்டரைத் தின்னும், ஆகவே நிறம் வெளுத்ததைத் தவிர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றுப் பையை 7 பிஎஸ்ஐ அளவுக்கு அடித்து ஓர் இரவு வைத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். கைப்பிடி துணிப்பட்டையா, நீளமான கெட்டிக் குழாயா என்ற விவாதத்தில் எனக்கு அழுத்தமான கருத்து இல்லை. குழாயில் கையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், பட்டையை மடித்துப் பைக்குள் போடலாம்.

வீட்டுமனைச் சாலையில் ஒரு பருவம்

விங்கை முதலில் வாங்கச் சொல்வதற்குக் காரணம் ஆடிக் காற்று. பல்லடத்தைச் சுற்றிலும், பிரித்துப் போட்டு இன்னும் வீடு எழாத மனைப் பிரிவுகள் நிறைய உண்டு. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, மின்கம்பி இல்லாத ஒரு பிரிவின் தார்ச்சாலையில், நீளமான சக்கரப் பலகை ஒன்றின் மேல் நின்று நான் ஓர் ஆடி முழுவதும் விங்கைப் பழகினேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள், “தம்பி, காத்து வாற பக்கம் நெஞ்சக் காட்டாதீங்க, தோளக் காட்டுங்க” என்றார். அவர் தூற்றிப் பழகிய காற்று அது. அன்றிலிருந்து என் நிலை திருந்தியது.

தரையில் கற்கக்கூடியவை: விங்கைத் தலைக்கு மேல் நிறுத்துவது, பின்கையால் காற்றை வாங்குவதும் விடுவதும், காற்றுக்குக் குறுக்கே ஓடுவது, திரும்பும்போது கை மாற்றுவது. இவை உடலில் ஏறிவிட்டால், கடலில் கவனம் முழுவதையும் காலுக்குக் கொடுக்கலாம். ஃபாயிலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் தரை கற்றுத் தராது. நிலத்தின் மேல் வரும் காற்று மேடும் மரமும் தடுத்து விட்டுவிட்டு வருவதால், கடலில் 5 பிடிப்பவர் இங்கே 4-க்கோ 3-க்கோ இறங்க வேண்டும். 5 மட்டுமே கையில் இருப்பவருக்குக் காற்று சற்று அடங்கியிருக்கும் காலை நேரம் நல்லது, பிற்பகலில் அது ஓங்கும். தலைக்கவசமும் முழங்கால், முழங்கைக் காப்பும் இன்றித் தாரில் ஏறக் கூடாது. கிளுவை வேலியும் சீமைக் கருவேல முள்ளும் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும், ஒரு முள் போதும் காற்றுப் பை ஓட்டையாக. ஒட்டுத்தாள் பொதியைப் பையிலேயே வைத்திருங்கள்.

எந்த வரிசையில் செலவு செய்வது

முழுத் தொகுப்பையும் புதிதாக வாங்குவது, பழையதாக வாங்குவது, பகுதியை மட்டும் வாங்கி மீதியை வாடகைக்கு எடுப்பது என்று மூன்று வழிகள். புதிய முழுத் தொகுப்புக்கு இறக்குமதித் தீர்வையும் சேர்த்துச் சில லட்சம் ரூபாய் ஆகும். அதை ஆண்டுக்குப் பத்து நாளுக்காகப் பூட்டி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழையது மலிவு என்றாலும், விற்க வருவது பெரும்பாலும் பழகியவர் கழித்த சிறிய முன்சிறகும் சிறிய பலகையும்தான். தொடங்குபவருக்கு ஆகாதவையே மலிவாகக் கிடைக்கும்.

எனவே மூன்றாம் வழியில், முதல் ஆண்டு விங், தலைக்கவசம், மிதவையும் மோதல் காப்புமான அங்கி, விங்கையும் பலகையையும் உடலோடு கட்டிக்கொள்ளும் இரண்டு கயிறுகள் ஆகியவற்றோடு நிறுத்தி, மிச்சப் பணத்தைப் பயிற்சி நாள்களுக்குச் செலவிடுங்கள். ஃபாயில் கூர்மையானது, அங்கியும் தலைக்கவசமும் இல்லாமல் ஒரு முறைகூட இறங்காதீர்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: விங் ஃபாயில் கற்பிக்கும் ஆசிரியர் அந்த வாரத்தில் இருக்கிறாரா, அவர்களிடம் உள்ள மிகப் பெரிய முன்சிறகின் பரப்பு எவ்வளவு, மீட்புப் படகு கூடவே இருக்குமா. படகால் இழுத்து, விங் இல்லாமல் ஃபாயிலை மட்டும் பழகவைக்கும் வசதி இருந்தால், ஒரு நாளை அதற்கு ஒதுக்குவது மிகப் பயனுள்ளது. நின்றபடி துடுப்புப் போடும் அகன்ற பலகையில், ஃபாயில் இல்லாமல், அடியில் நடுச்செதில் மட்டும் பொருத்தி முதல் நாள் விங்கோடு மிதந்து பார்ப்பதும் நல்ல தொடக்கம். இரண்டாம் ஆண்டில் அலுமினிய மாஸ்டும் பெரிய முன்சிறகும், மூன்றாம் ஆண்டில் பலகை.

என் அடுத்த செலவு என்ன என்று சென்ற மாதம் கணக்கெழுதிப் பார்த்தேன். கையில் இருக்கும் தொகைக்கு 1,300 சதுர சென்டிமீட்டரில் வேகமான முன்சிறகு ஒன்று வாங்கலாம், அல்லது தையில் இராமேசுவரத்தில் ஆறு நாள் தங்கலாம். பெரிய சிறகில் இடப்பக்கமாக நன்றாகத் திரும்புகிறேன், வலப்பக்கத்தில் இன்னும் நான்கில் மூன்று முறை விழுகிறேன். ஆறு நாளுக்கு அறை பதிவு செய்துவிட்டேன்.